பழைய ஸ்பானரும் புதிய ஸ்பானரும்

(பைக்காராவில் மின் தொழிலாளர்களும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில், ஓய்வுபெற்ற மில் பிட்டர் ஒருவர் பேசியது)



மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. கோவை மில்களில் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்பானர், சுத்தியல், அரம், உளி. ஆகவே அவற்றைப் பற்றியே பேசுகிறேன்.

பையில் இரண்டு ஸ்பானர் கொண்டு வந்திருக்கிறேன். ஒன்று சீமைச் சரக்கு. அதற்கு என் வயதைவிட வயது அதிகம். மற்றொன்று போன மாதம் கடைவீதியில் வாங்கியது. சீமைச் சரக்கு கறுத்துப் போயிருக்கிறது. ஆனால் அதன் வாய் இன்றும் விரியவில்லை. புதியது கண்ணாடி போல் பளபளக்கிறது. ஒரே வாரத்தில் வாய் பிளந்துவிட்டது.

இதைக் காட்டினால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: "அந்தக் காலத்துச் சாமான் அந்தக் காலத்துச் சாமான்தான்!" நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது பாதி உண்மை, தோழர்களே. பாதி உண்மையை நம்பி வேலை செய்தால் கை போய்விடும்.

இந்த மலையும் எங்கள் மில்லும்

இந்தப் பேச்சைப் பைக்காராவில் பேசுவது பொருத்தம்தான். 1929-ல் இங்கே மின் திட்ட வேலை தொடங்கியது. 1932-ல் சிங்காராவில் மின்சாரம் பிறந்தது. கிளன்மார்கனிலிருந்து சுமார் 3,000 அடி கீழே குழாயில் பாய்ந்த தண்ணீர் சக்கரத்தைச் சுற்றியது. அந்த மின்சாரம் சமவெளிக்கு இறங்கிய பிறகுதான் கோவையில் மில்லுக்கு மேல் மில்லாக எழுந்தது. நீங்கள் மேலே மதகைத் திறந்தால் கீழே எங்கள் கதிர் சுற்றும். அப்படிப்பட்ட உறவு நமக்குள் உண்டு.

மில்களுக்கு யந்திரங்கள் லங்காஷயரிலிருந்து வந்தன. யந்திரத்தோடு ஸ்பானரும் வந்தது. அந்த யந்திரங்களின் மரையாணிகள் ஜோசப் விட்வொர்த் என்பவர் 1841-ல் வகுத்த அங்குலக் கணக்கில் செய்யப்பட்டவை. பிறகு 1956-ல் நம் நாட்டில் மெட்ரிக் சட்டம் வந்தது. 1958 முதல் படிப்படியாக அமலுக்கு வந்தது. நல்ல சட்டம்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சட்டம் மாறியதே தவிர, ஓடிக்கொண்டிருந்த பழைய யந்திரத்தின் போல்ட் மாறவில்லை.

இங்கேதான் என் கதை வருகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மில்லில் கார்டிங் யந்திரத்தின் போல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள். அரை அங்குல விட்வொர்த் போல்ட். ஸ்டோரில் கேட்டேன், 24 மில்லிமீட்டர் ஸ்பானரைத் தூக்கிக் கொடுத்தார்கள். பார்வைக்குச் சரியாகத்தான் இருந்தது. பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். வழுக்கியது. முஷ்டி போய் இரும்புச் சட்டத்தில் மோதியது. இரண்டு விரல் எலும்பு முறிந்தது. அறிக்கையில் என்ன எழுதினார்கள் தெரியுமா? "தொழிலாளியின் கவனக்குறைவு."

கட்டுப் போட்டுத் திரும்பி வந்தபோது மூத்த பிட்டர் ஒருவர் தம் பெட்டியைத் திறந்து இந்தக் கறுத்த ஸ்பானரைக் கொடுத்தார். "இதை வைத்துக்கொள் தம்பி" என்றார். அதே போல்ட்டில் மாட்டினேன். உடும்புப் பிடியாகப் பிடித்தது. அன்றிலிருந்து நான் பழசின் பக்தன் ஆகிவிட்டேன்.

கணக்குப் பார்க்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று. அரை அங்குல விட்வொர்த் ஸ்பானரின் வாய் அரை அங்குலம் அல்ல. அரை அங்குலம் என்பது போல்ட்டின் தண்டுக் கனம். வாயின் அகலம் 0.92 அங்குலம், அதாவது ஏறக்குறைய 23.4 மில்லிமீட்டர். நான் போட்டது 24. இடைவெளி அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். அந்த இடைவெளிதான் நட்டின் மூலையை மழுக்கியது. அதுதான் என் விரலை முறித்தது. ஆக, சீமை ஸ்பானர் பழசு என்பதால் பிடிக்கவில்லை. அந்த போல்ட்டுக்கு உரிய வாய் என்பதால் பிடித்தது!

பழசில் மட்டமே இல்லையா?

இன்னொன்றும் யோசியுங்கள். 80 வருஷத்துக்கு முந்திய ஸ்பானர்களில் இன்று நம் கண்ணில் படுவது எது? உடையாமல் நின்றது மட்டுமே. வாய் பிளந்ததும், கழுத்து ஒடிந்ததும் அந்தக் காலத்திலேயே பழைய இரும்புக் கடைக்குப் போய் உருகிவிட்டன. மிஞ்சிய நல்லதைப் பார்த்துவிட்டு "அன்றைக்கு எல்லாமே நல்லது" என்கிறோம். ஊரில் 90 வயதுக் கிழவரைப் பார்த்து, "அந்தக் காலத்தில் எல்லோரும் 90 வயது இருந்தார்கள்" என்று சொல்வது போன்றது இது. செத்துப் போனவர்களை யார் எண்ணுகிறார்கள்?

புதியதன் பெருமையையும் மறைக்கக் கூடாது. பழைய ஸ்பானர் பெரும்பாலும் சாதாரணக் கார்பன் எஃகு. பலம் வேண்டும் என்பதற்காகத் தடிமனாக அடித்தார்கள். இன்றைய நல்ல ஸ்பானர் குரோம் வனேடியம் எஃகு. குரோமியம் சேர்ந்தால் கடினம் ஆழமாக இறங்கும். வனேடியம் சேர்ந்தால் எஃகின் மணி நுண்மையாகும். ஆகவே மெல்லிசாக இருந்தாலும் அதிகப் பலம் தாங்கும். பழையது நுழையாத சந்தில் இது நுழையும். இந்த நாட்டில் நல்ல கருவி செய்ய முடியாது என்பதும் பொய். சுவீடன் நாட்டுத் தொழில்நுட்ப உதவியோடு 1969-ல் கைக்கருவி செய்யத் தொடங்கிய டபாரியா கம்பெனியின் கொறடு எத்தனை எலெக்ட்ரீஷியன் பையில் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

அப்படியானால் இந்தப் பளபளப்பு ஏன் ஒரு வாரத்தில் வாய் பிளந்தது?

கெடுவது எங்கே?

தோட்டத்துத் தோழர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கவாத்துக் கத்தி வாங்குகிறீர்கள். ஒரு கத்தி நாள் முழுக்க வெட்டும். ஒன்று பத்துச் செடியில் மழுங்கும். இன்னொன்று கணுவில் பட்டதும் பல் உடையும். இரும்பின் குணம் மட்டுமல்ல, நெருப்பின் குணமும் இதில் உண்டு. எஃகைச் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தோய்த்தால் கண்ணாடி போல் கடினமாகும். கண்ணாடி போலவே உடையவும் செய்யும். மறுபடியும் மிதமாகச் சூடேற்றிப் பதம் கொடுத்தால்தான் கடினமும் உறுதியும் சேர்ந்து நிற்கும். தோய்ப்பு குறைந்தால் ஸ்பானரின் வாய் விரியும். பதம் குறைந்தால் ஒடியும். லாரிப் பட்டையில் அரிவாள் அடிக்கும் கிராமத்துக் கொல்லருக்கு இது தெரியும்.

மட்டமான ஸ்பானர் செய்கிறவனுக்கும் இது தெரியும்! தெரிந்தும் ஏன் செய்வதில்லை? நல்ல எஃகுக்குக் காசு. உலையில் வைக்கும் நேரத்துக்குக் காசு. அடித்துச் செய்வதற்குப் பதில் தகட்டில் வெட்டினால் மிச்சம். மேலே பளபள முலாம் பூசிவிட்டால் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. அவன் விற்றது ஸ்பானர் அல்ல, முலாம்.

ஜலந்தரிலும் லூதியானாவிலும் நாகோரிலும் கருவி அடிக்கும் தொழிலாளியை இதற்காக ஏசக் கூடாது. பவர் ஹாம்மரின் அடியில் நின்று காது மந்தமாகி, கை அதிர்ந்து மரத்துப் போகிறவன் அவன். எந்த எஃகு, எத்தனை நேரம் உலை என்று தீர்மானிப்பவன் அவன் அல்ல.

இந்த மலையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. நீலகிரியில் கோத்தர் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கொல்லு வேலை செய்தவர்கள். படகர்களுக்குக் கத்தி, கோடாலி, மண்கொத்தி அடித்துக் கொடுத்துத் தானியம் பெற்றார்கள். அந்த உறவில் ஏற்றத்தாழ்வு இருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். செய்தவனும் பிடித்தவனும் ஒருவரை ஒருவர் முகம் பார்த்தவர்கள். மண்கொத்தி முறிந்தால் முறிந்ததை எடுத்துக்கொண்டு நேரே உலைக்களத்துக்குப் போகலாம். செய்தவன் பதில் சொல்லியாக வேண்டும். இன்று என் ஸ்பானர் வாய் பிளந்தால் நான் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது? செய்தவனுக்கு என்னைத் தெரியாது. வாங்கித் தந்த ஸ்டோர் அதிகாரி அதைக் கையில் பிடிப்பதில்லை. அவருக்கு விலைதான் தெரியும். எனக்கு வலிதான் தெரியும். கருவி கெட்டுப் போவதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது, காலத்தில் அல்ல!

மின்சாரத்தில் பிழைக்கு இடமில்லை

ஸ்பானர் வழுக்கினால் விரல் போகும். மின் தொழிலாளியின் கொறடு ஏமாற்றினால் உயிர் போகும். கொறட்டின் கைப்பிடியில் பிளாஸ்டிக் உறை இருந்தால் அது மின்சாரத்தைத் தடுக்கும் என்று பல இளைஞர்கள் நினைக்கிறார்கள். தவறு! சாதாரண உறை கைக்கு மெத்தை, அவ்வளவுதான். மின்சாரத்துக்கென்று செய்த கருவியில் இரட்டை முக்கோணக் குறியும், 1000 வோல்ட் என்ற குறிப்பும் பொறித்திருக்கும். அதை 10,000 வோல்ட்டில் சோதித்து அனுப்ப வேண்டும் என்பது சர்வதேச விதி. அதுவும் 1000 வோல்ட் வரையிலான வேலைக்கே. உறையில் கீறல் விழுந்தால் அன்றோடு அதைத் தள்ளிவிட வேண்டும். மழையும் மூடுபனியும் உள்ள இந்த மலையில் இதை இரண்டு மடங்கு நினைவில் வைக்க வேண்டும். இந்த விஷயத்தில் பழசுக்குப் பரிந்து பேசுவது தற்கொலை. தாத்தா காலத்துக் கொறடு எவ்வளவு நல்ல எஃகானாலும் சரி, ஈரத்தில் கம்பியைத் தொட அது உதவாது.

நாம் செய்ய வேண்டியது

கருவியைக் கையில் வாங்கும்போதே பாருங்கள். ஸ்பானரில் செய்தவர் பெயரும் அளவும் ஐ.எஸ். 2028 என்ற இந்தியத் தரக் குறியும் இருக்கிறதா? புது போல்ட்டில் மாட்டினால் ஆடுகிறதா? கொறட்டை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வாயின் இடுக்கில் வெளிச்சம் கசிந்தால் கம்பி வெட்டாது. உளியின் தலை காளான் போல் விரிந்திருந்தால் அதைச் சாணை பிடிக்காமல் அடிக்காதீர்கள். தெறிக்கும் சில்லு கண்ணைக் குத்தும். சுத்தியலைச் சுத்தியலால் அடிக்காதீர்கள்.

ஆனால் இதெல்லாம் நம் கையளவு ஜாக்கிரதை. கையளவு ஜாக்கிரதை மட்டும் போதாது. பல இடங்களில் ஒப்பந்தத் தொழிலாளி தன் கூலியிலிருந்து கருவி வாங்குகிறான். அரைக் கூலிக்காரன் எந்தக் கருவியை வாங்குவான்? மலிவானதைத்தான். வழுக்கினால் கவனக்குறைவு என்று எழுதுவார்கள். ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று:

வேலைக்குரிய கருவியை வேலை கொடுப்பவர் தர வேண்டும். நிரந்தரத் தொழிலாளிக்கு ஒன்று, ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒன்று என்று இருக்கக் கூடாது.

கருவி வாங்கும்போதும் சோதிக்கும்போதும் அதைப் பிடிக்கிற தொழிலாளியின் பிரதிநிதி உடனிருக்க வேண்டும்.

கெட்டுப்போன கருவியைப் பதிவேட்டில் எழுதி உடைத்துப் போட வேண்டும். புதிதாக வரும் பையன் தலையில் அதைக் கட்டக் கூடாது.

மூன்றாவதை நாமே இன்றைக்குத் தொடங்கலாம். நல்ல கருவியை மூத்தவர்கள் பெட்டிக்குள் பூட்டிக்கொண்டு, வாய் பிளந்ததை அப்ரண்டிஸிடம் தள்ளிவிடுகிறோம். நானும் செய்திருக்கிறேன், வெட்கத்தோடு சொல்கிறேன். என் மூத்த பிட்டர் எனக்கு அப்படிச் செய்யவில்லை.

ஆகவே இந்தக் கறுத்த ஸ்பானரை, பழைய யந்திரத்தில் வேலை பார்க்கும் இளம் தோழர் ஒருவரிடம் இப்போதே கொடுக்கிறேன். அங்குல போல்ட் இருக்கும் வரை அது வேலை செய்யும். இந்தப் பளபளப்பானதைக் கூட்டம் முடிந்ததும் உங்கள் முன்னாலேயே சம்மட்டியால் நசுக்கிப் போடுகிறேன். இன்னொரு கையை அது தேடிப் போக வேண்டாம்.