காஸ்டியேல் துரோகியா? காரணம் வேற, விசுவாசம் வேற

இந்த வாரம் 'சூப்பர்நேச்சுரல்' பற்றிப் பேசப் போறோம். மொத்த சீரிஸையும் இல்லை. 327 எபிசோடை ஒரே உட்கார்வுல பேசி முடிக்க முடியாது. ஒரே ஒரு கேள்விதான்: ஆறாவது சீசன்ல காஸ்டியேல் செஞ்சது துரோகமா, இல்லையா? இந்த சீரிஸ் பார்க்கிற நண்பர்கள் ரெண்டு பேர் சேர்ந்தா எப்படியாவது இந்தச் சண்டையில வந்து நிக்கும். ஸ்பாய்லர் நிறைய இருக்கு. இன்னும் பார்க்காதவங்க இங்கேயே நிறுத்திட்டுப் பார்த்துட்டு வாங்க.

புதுசா வர்றவங்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். 2005 செப்டம்பர்ல தொடங்கி 2020 நவம்பர்ல முடிஞ்ச அமெரிக்க சீரிஸ். உருவாக்கியவர் எரிக் க்ரிப்கி. சாம், டீன்னு ரெண்டு அண்ணன் தம்பி. ஒரு கறுப்பு இம்பாலா கார்ல ஊர் ஊராப் போய் பேய், பிசாசு வேட்டையாடுறாங்க. நாலாவது சீசன் முதல் எபிசோட்ல, 2008-ல, காஸ்டியேல் வர்றான். நரகத்துல கிடந்த டீனை வெளியே இழுத்துட்டு வந்த தேவதூதன். மிஷா காலின்ஸ் நடிச்ச இந்தப் பாத்திரத்தைச் சில எபிசோடுகளுக்கு மட்டும்னுதான் கொண்டு வந்தாங்க. ரசிகர்களுக்குப் பிடிச்சுப் போச்சு, கடைசி சீசன் வரைக்கும் நின்னுட்டான்.

இப்போ பிரச்சினைக்கு வருவோம். அஞ்சாவது சீசன் முடிவுல உலகம் அழியாமத் தடுக்க, சாம் தனக்குள்ள இருக்கிற லூசிஃபரோட சேர்ந்து கூண்டுக்குள்ள குதிக்கிறான். தம்பிக்குக் கொடுத்த வாக்குப்படி டீன் வேட்டையை விட்டுட்டு லிசாவோட குடும்பம் நடத்தப் போயிடுறான். ஆனா சொர்க்கத்துல பிரதான தூதன் ரஃபேல் மறுபடியும் அந்த அழிவைத் தொடங்கப் பார்க்கிறான். 'எனக்கு மண்டியிடு, இல்லைன்னா சாவு' என்கிறான் காஸ்டியேல்கிட்ட. பலத்துல ரஃபேலுக்கு முன்னாடி காஸ் ஒண்ணுமே இல்லை. அந்த நேரத்துல நரகத்தோட ராஜா க்ரௌலி வந்து ஒரு டீல் பேசுறான். பர்கேட்டரியைத் திறந்து அங்கே இருக்கிற ஆன்மாக்களை ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாம். அதுவரைக்கும் போர் செய்ய 50,000 ஆன்மாக்களைக் கடனாத் தர்றேன். காஸ் ஒத்துக்கிறான். டீன்கிட்ட சொல்லல.

இதுல ரசிகர்கள் ரெண்டு கட்சி. முதல் கட்சி சொல்றது: காஸ் செஞ்சது எல்லாம் இவங்களுக்காகத்தான். இந்த அண்ணன் தம்பி அவனை டெக் சப்போர்ட் மாதிரி நடத்துனாங்க. வேலை இருந்தா கூப்பிடுவாங்க, முடிஞ்சதும் மறந்துடுவாங்க. மேலே ஒரு போர் நடக்குது, உனக்கு என்னப்பா உதவி வேணும்னு ஒருத்தராவது உட்கார்ந்து கேட்டாங்களா? ரெண்டாவது கட்சி சொல்றது: காரணம் என்னவா இருந்தாலும் நரகத்தோட ராஜாகூடக் கைகோத்துட்டு, ஒரு வருஷமா முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னான். இதுக்குப் பேர் துரோகம்தான்.

ரெண்டு கட்சியும் ஒருத்தர் கேள்விக்கு இன்னொருத்தர் பதில் சொல்லவே இல்லைன்னு எனக்குத் தோணுது. ஒருத்தர் காரணத்தைப் பேசுறார். இன்னொருத்தர் விசுவாசத்தைப் பேசுறார். நான் கோட் எழுதிப் பிழைக்கிறவன். ஒரு பக் வந்தா கடைசி எர்ரரை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்ல மாட்டோம். லாகை எடுத்து, எந்த நேரத்துல யாருக்கு என்ன தெரியும்னு வரிசையாப் பார்ப்போம். காஸ்டியேலுக்கும் அதையே செய்வோம்.

முதல் கட்டம், டீலுக்கு முன்னாடி. இதுக்கு நாம பார்க்க வேண்டியது ஆறாவது சீசன் 20-ஆவது எபிசோட். 2011 மே மாதம் வந்தது. பென் எட்லண்ட் எழுதி இயக்கினார். வழக்கமா டீன், சாம் கண்ணால பார்க்கிற கதையை இந்த ஒரு எபிசோட்ல காஸ்டியேல் சொல்றான். அவன் கடவுள்கிட்ட வாக்குமூலம் கொடுக்கிற மாதிரி பேசுறான். அதுல டீன் வீட்டு வாசல்ல இலைச் சருகைக் கூட்டிட்டு இருக்கான். உதவி கேட்கத்தான் காஸ் வந்திருக்கான். கண்ணுக்குத் தெரியாம நின்னு பார்க்கிறான். இவன் இதுவரைக்கும் இழந்தது போதாதா, இன்னும் கேட்கணுமான்னு தயங்குறான். அந்தத் தயக்கத்துலதான் க்ரௌலி பக்கத்துல வந்து நிக்கிறான்.

இந்தக் கட்டத்துல காஸோட மனசுல கள்ளம் இல்லை. முதல் கட்சி சொல்றது சரி. ஆனா கவனிங்க, அந்தத் தயக்கத்துலயே ஒரு முடிவு ஒளிஞ்சிருக்கு. டீன் என்ன சொல்வான்னு காஸே தீர்மானிச்சுட்டான். டீனுக்கு 'சரி'ன்னோ 'வேண்டாம்'னோ சொல்ற வாய்ப்பே வரல.

ரெண்டாவது கட்டம், மறைக்கிற காலம். ஒரு பொய்யைக் காப்பாத்த அடுத்த பொய். க்ரௌலி செத்துட்டான்னு நம்ப வைக்க எலும்புகளை எரிச்சுக் காட்டுறான். நண்பர்கள் தன்னைச் சந்தேகப்படுறாங்களான்னு மறைஞ்சு நின்னு ஒட்டுக் கேட்கிறான். மாட்டிக்கிறதும் அதுலதான். அவங்க தங்களுக்குள்ள சூப்பர்மேன் பற்றிப் பேசினதை, அங்கே இல்லாத காஸ் வாய் தவறித் திருப்பிச் சொல்லிடுறான். டீன் முகம் மாறுற அந்த ஒரு நொடி, ஜென்சன் ஆக்கிள்ஸ் செஞ்ச நல்ல நடிப்புல ஒண்ணு. 'உனக்காக' என்கிற காரணம் இங்கேயும் உயிரோட இருக்கு. ஆனா யாருக்காகச் செய்றானோ அவங்களையே வேவு பார்க்கிற நிலைமைக்கு வந்துட்டான்.

மூணாவது கட்டம், எல்லாம் தெரிஞ்ச பிறகு. இதுதான் எனக்கு முக்கியம். டீன் நேராவே கேட்கிறான்: நீ எனக்குச் சகோதரன் மாதிரி, வேண்டாம்னு நான் கேட்கிறேன், என்னை நம்பு. இலை கூட்டின அன்னைக்குக் கேட்காம விட்ட கேள்விக்கு இப்போ பதில் வந்தாச்சு. பதில் 'வேண்டாம்'. காஸ் கேட்கல. கடைசி எபிசோட்ல, சாமோட நரக நினைவுகளை அடைச்சு வெச்சிருந்த சுவரை உடைக்கிறான். நீங்க விலகி நின்னா சாமைக் குணப்படுத்துறேன் என்கிறான். கூட நின்ன பால்தசாரைக் கொல்றான். யாரைக் காப்பாத்தத் தொடங்கினானோ, அவங்களையே பணயமா வெச்சுட்டான். இந்தக் கட்டத்துக்கு முதல் கட்சிகிட்ட பதில் இல்லை.

இதுல இருக்கிற முரண் என்னன்னா, காஸ் அந்தப் போரைத் தொடங்கினதே சுயமா முடிவெடுக்கிற உரிமைக்காக. தேவதூதர்களுக்குச் சுதந்திரம்னா என்னன்னு புரிய வைக்கிறது மீனுக்குக் கவிதை சொல்லித் தர்ற மாதிரின்னு அவனே அலுத்துக்கிறான். எல்லாருக்கும் தேர்வு வேணும்னு போராடினவன், நெருக்கமான நண்பனுக்கு மட்டும் தேர்வைக் கொடுக்கல.

சரி, இப்போ ரெண்டாவது கட்சிக்கு என்கிட்ட ஒரு கேள்வி. ஒன்பதாவது சீசன் ஞாபகம் இருக்கா? 2013. சாம் சாகக் கிடக்கிறான். டீன் அவனைக் காப்பாத்த ஒரு தேவதூதனை அவன் உடம்புக்குள்ள அனுப்புறான். இந்த சீரிஸ்ல ஒரு அடிப்படை விதி உண்டு. பிசாசு யார் உடம்புலயும் புகுந்துடும். தேவதூதன் மட்டும் சம்மதம் வாங்கித்தான் உள்ளே வர முடியும். சாம் சம்மதிக்க மாட்டான்னு டீனுக்குத் தெரியும். அதனால டீன் உருவத்துல போய் ஏமாற்றிச் சம்மதம் வாங்குறாங்க. அதுக்கப்புறம் மாசக் கணக்குல மறைக்கிறான். அந்தத் தூதன் கேட்டான்னு, அப்போ மனுஷனாகி நடுத்தெருவுல நின்ன காஸ்டியேலையே வீட்டை விட்டு அனுப்புறான். கடைசியில அந்த கேட்ரியேல் சாமோட கையாலயே கெவினைக் கொல்றான்.

நல்ல எண்ணம், ரகசியம், ஏமாற்று, சாவு. வரிசை அப்படியே காஸ் கதைதான். ஆனா டீனைத் துரோகின்னு சொல்ற ரசிகர்கள் ரொம்பக் கம்மி. 'பாவம், தம்பிக்காகத்தானே' என்கிறோம். ஏன்? கேமரா டீன் பக்கத்து சீட்ல உட்கார்ந்திருக்கு. அவன் அழுறதை நாம பல சீசனாப் பார்த்திருக்கோம். காஸுக்கு அந்த மாதிரி கிடைச்சது ஒரு எபிசோட். கும்பகர்ணனா விபீஷணனான்னு பட்டிமன்றம் நடத்துறப்போகூட, நாம யார் பக்கத்துல நின்னு கதை கேட்டோம் என்கிறதுதான் பாதித் தீர்ப்பை எழுதும். பாத்திரங்களோட விசுவாசத்தை அளக்கிறதா நினைச்சுட்டு, நம்ம விசுவாசத்தைத்தான் காட்டிட்டு இருக்கோம்.

அதனால ரெண்டு பேருக்கும் ஒரே அளவுகோல் வைக்கலாம்னு நினைக்கிறேன். ஏன் செஞ்சான்னு ஒரு கேள்வி. யாருக்காகச் செஞ்சானோ அவனுக்கு 'வேண்டாம்'னு சொல்ல இடம் கொடுத்தானா, அது தனிக் கேள்வி. முதல் கேள்வியில காஸும் பாஸ், டீனும் பாஸ். ரெண்டாவதுல ரெண்டு பேரும் ஃபெயில். காஸ் மூணாவது கட்டத்துல, முகத்துக்கு நேரா வந்த 'வேண்டாம்'மையும் மிதிச்சுட்டுப் போனதால அவன் குற்றம் ஒரு படி அதிகம். துரோகம் என்கிற வார்த்தையை நான் அந்தப் படிக்கு மட்டும்தான் வைப்பேன். டீல் போட்ட அன்னைக்கு இல்லை.

இதை இவ்வளவு நேரம் பேசுறதுக்குக் காரணம் இருக்கு. 'உன் நல்லதுக்குத்தான் சொல்லல' என்கிற வசனம் நம்ம வீடுகள்ல ரொம்பப் பழக்கம். அப்பாவுக்கு ஆபரேஷன், பரீட்சை முடியட்டும்னு பிள்ளைகிட்ட மறைப்போம். வேலை போனதை அம்மாகிட்ட மறைப்போம். அன்பு இல்லைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ஆனா தெரிய வர்ற அன்னைக்கு வலிக்கிறது மறைச்ச விஷயம் இல்லை. என்னை ஒரு வார்த்தை கேட்கலையே என்கிறதுதான்.

கடைசியா ஒண்ணு. 14-ஆவது சீசன்ல காஸ் மறுபடியும் ரகசியமா ஒரு டீல் போடுறான். ஜாக்கைக் காப்பாத்த, தனக்கு உண்மையான சந்தோஷம் வர்ற நொடியில 'எம்ப்டி' தன்னை எடுத்துக்கலாம்னு. அப்பவும் டீன்கிட்ட சொல்லல. ஆனா இந்தத் தடவை வேற ஒருத்தர் பேர்ல கடன் வாங்கல. 2020 நவம்பர்ல வந்த அந்த எபிசோட்ல டீன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டு, விலையைத் தானே கொடுக்கிறான். சொல்லாமப் போட்ட டீல்தான், அந்தப் பழக்கம் அவனை விட்டுப் போகல. பில் யார் தலையில விழும் என்கிறதை மட்டும் கத்துக்கிட்டான்னு எடுத்துக்கிறேன்.

நீங்க எந்தக் கட்சி? டீனுக்கும் காஸுக்கும் ஒரே தீர்ப்பா, வேற வேறயா? வாய்ஸ் நோட் அனுப்புங்க. ஆனா காரணத்தையும் விசுவாசத்தையும் தனித்தனியாப் பிரிச்சுப் பேசுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.