நம் பிள்ளைகளின் வணிக ஆய்வேடு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் தமிழின் தொன்மையைப் பற்றியோ குறளின் மாண்பைப் பற்றியோ பேசுவது மரபு. சங்கத்தின் கல்விக் குழுவினராகிய எங்களுக்கு இவ்வாண்டு அந்தப் பேறு வாய்க்கவில்லை. வணிகத் துறை மாணாக்கர் பட்டப் படிப்பின் முடிவில் எழுதிக் கொடுக்கும் ஆராய்ச்சி ஏட்டைப் பற்றியே பேச வந்துள்ளோம். பிள்ளைகள் அதனைப் ‘பிராஜெக்ட்’ என்பார்கள். நம் வீடுகளிலும் அப்பெயரே வழங்குகிறது. கல்லூரிப் பாடவேலையைப் பற்றி மேடையேறிப் பேச என்ன இருக்கிறது என்று எண்ணாதீர்கள். சென்ற பிப்ரவரித் திங்களில் நிகழ்ந்த ஒன்றைக் கூறினால் விளங்கும்.

ஒரு நாள் மாலை, நம் காலனி இளைஞன் ஒருவன் தன் தந்தையோடு எங்களிடம் வந்தான். மறுநாள் அவனுக்கு வாய்மொழித் தேர்வு. பொன்னெழுத்துப் பொறித்த கறுப்பு அட்டையில் கட்டிய ஏட்டை எங்கள் முன் வைத்து, பழக்கத்திற்காகச் சில கேள்விகள் கேட்கவேண்டும் என்றான். ஏட்டைப் புரட்டினோம். தோற்பைகளின் விற்பனையைப் பற்றியது. நடுப்பக்கம் ஒன்றில், “கான்பூர் நகரில் நாங்கள் நேரிற் கண்ட நூறு வாடிக்கையாளர்” என்று இருந்தது. “தம்பி, கான்பூருக்கு எப்போது போயிருந்தாய்?” என்று கேட்டோம். அவன் தலை கவிழ்ந்தது. ஏடு கடையில் விலைக்கு வாங்கியது.

தந்தையார் வெட்கப்பட்டாரில்லை. “எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் வாங்குகிறார்கள், ஐயா. கேட்ட பணத்தைக் கொடுத்தேன்” என்றார். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. எதைப் பற்றிய ஏடு என்பதும் அதுவரை அவருக்குத் தெரியாது. நாங்கள் தலைப்பைத் தமிழில் சொன்னவுடன் அவர் முகம் மாறிற்று. ஏனெனில் தாராவியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தோற்பை தைத்து விற்பவர் அவர். “தோற்பையைப் பற்றித்தானா எழுதியிருக்கிறான்? என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லையே!” என்றார். பையனைக் கடிந்துகொள்வதா, தந்தையைக் கடிந்துகொள்வதா, அன்றி அவ்வேட்டைப் படித்துப் பாராமலே ஏற்கும் வழக்கத்தைக் கடிந்துகொள்வதா என்று எங்களுக்குத் தோன்றவில்லை. மறுநாள் அவன் அந்த ஏட்டையே கொடுத்தான். மதிப்பெண்ணும் கிடைத்தது.

நிற்க. சொந்த ஊரை மாணாக்கர் தாமே அளந்து எழுதுவது தமிழருக்குப் புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்திற்கு முதற் பேராசிரியராக 1915-இல் வந்தவர் கில்பர்ட் சிலேட்டர் என்னும் ஆங்கிலேயர். அவர் தம் மாணாக்கரிடம் வினாப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, தத்தம் ஊர்களை ஆராய்ந்து வருமாறு பணித்தார். நிலம் யார் கையில், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்பன போன்ற எளிய செய்திகளை அவர்கள் திரட்டி வந்தார்கள். இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான் முதலிய ஊர்களைப் பற்றிய அக்கணக்குகள் 1918-இல் நூலாயின. நம்முள் நெல்லைச் சீமையைச் சேர்ந்தோர் கங்கைகொண்டானை நன்கறிவர். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின், 1936-37-இல், பல்கலைக்கழகத்தார் மீண்டும் அவ்வூர்களுக்குச் சென்று எது மாறியது, எது மாறவில்லை என்று பார்த்தார்கள். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தாரும் சென்றார்கள். முதலில் போன பிள்ளைகள் கண்டதைக் கண்டபடி எண்ணி வைத்திருந்தமையாலேயே பின்வந்தோர்க்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பிடி கிடைத்தது. விலைக்கு வாங்கிய கான்பூர்க் கணக்கை வைத்துக்கொண்டு எவர் எங்கே போய் எதனை ஒப்பிடுவது?

ஆகவே முதல் வேலை கேள்வியைத் தேர்ந்தெடுப்பது. ‘மும்பையின் தோல் தொழில்’ என்பது ஒரு தலைப்பு, கேள்வியன்று. மூன்று திங்களில் ஒரு பிள்ளை அதனை அளக்க முடியாது. அந்தத் தந்தையாரின் பட்டறையிலேயே நல்ல கேள்விகள் கிடக்கின்றன. தாராவியில் தோல் பதனிடும் தொழில் ஒரு காலத்தில் செழித்திருந்தது. நம் நாட்டிலிருந்து வந்தோர் பலர் அதனால் வாழ்ந்தனர். பாந்திராவிலிருந்த இறைச்சிக் கூடம் 1970-களின் தொடக்கத்தில் தேவநாருக்கு மாறியது. பதனிடும் கொட்டில்களும் நாளடைவில் பெரும்பாலும் மறைந்தன. பை தைக்கும் வேலையும் கடைகளும் நிலைத்து நின்றன. இன்று தோல் எங்கிருந்து வருகிறது? அதற்குப் பணம் எப்போது கொடுக்கவேண்டும்? பையைக் கடைக்காரரிடம் ஒப்படைத்தபின் பணம் எத்தனை நாளில் கைக்கு வருகிறது? இவ்விரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட காலத்தை எந்தக் கடனால் கடக்கிறார்கள்? இக்கடைசிக் கேள்வி ஒன்றே ஓர் ஏட்டிற்குப் போதும். பதினைந்து பட்டறைகளில் பில் புத்தகத்தைப் பார்த்துத் தேதிகளைக் குறித்துக்கொண்டால் விடையும் கிடைக்கும்.

எண்களைப் பற்றி ஒரு சொல். இம்மாநகரின் டப்பாவாலாக்களைப் பற்றி எழுதாத வணிக மாணாக்கர் அரியர். அவ்வேடுகள் அனைத்திலும், “1 கோடியே 60 லட்சம் முறைக்கு ஒரு முறையே பிழை நேர்கிறது, ‘சிக்ஸ் சிக்மா’ என்னும் தரச் சான்று ஃபோர்ப்ஸ் பத்திரிகையால் வழங்கப்பெற்றது” என்று காணலாம். இஃது எங்ஙனம் பிறந்தது? 1998-இல் அப்பத்திரிகையின் எழுத்தாளர் மும்பைக்கு வந்து, நாள்தோறும் ஏறத்தாழ 1,75,000 சாப்பாட்டுப் பாத்திரங்கள் கைமாறுவதைக் கண்டு வியந்தார். எத்தனை முறை தவறு நேரும் என்று தொழிலாளர் தலைவரைக் கேட்டார். அநேகமாக இல்லை, இரண்டு மாதத்திற்கு ஒன்று நேரலாம் என்று அவர் சொன்னார். எழுத்தாளர் அதனைக் கணக்கிட்டு 80 லட்சத்துக்கு ஒன்று என்று கண்டார். பாத்திரம் வீடு திரும்புவதையும் சேர்த்து 1 கோடியே 60 லட்சத்துக்கு ஒன்று என்று எழுதினார். தரச் சான்று எதுவும் தாம் வழங்கவில்லை, ‘சிக்ஸ் சிக்மா’ என்ற சொல்லையே தாம் எழுதவில்லை என்று பின்னாளில் அவரே தெளிவுபடுத்தினார். எவரும் செவிமடுக்கவில்லை.

டப்பாவாலாக்களின் திறமையை நாங்கள் குறைத்துக் கூறவில்லை. ஹார்வர்டு வணிகப் பள்ளியே 2010-இல் அவர்கள் முறையை ஒரு பாடமாக எழுதிவைத்தது. தலைவர் பொய் சொன்னார் என்பதும் எங்கள் கருத்தன்று. கேட்டதற்குத் தோராயமாக ஒன்று சொன்னார். ஒருவர் வாய்ச்சொல் வகுக்கப்பட்டும் பெருக்கப்பட்டும் அளந்து கண்ட உண்மைபோல் உலகை வலம் வந்துவிட்டது என்பதே எங்கள் குறை. 2020-இன் தொற்றுக் காலத்திற்குப் பின் டப்பாவாலாக்களின் தொகை பெரிதும் குறைந்துவிட்டது. நம் பிள்ளைகள் இன்றும் பழைய எண்ணையே நிகழ்காலத்தில் எழுதுகிறார்கள்! தாராவியின் மக்கள் தொகையும் அப்படியே. ஒருவர் 5 லட்சம் என்பார், மற்றொருவர் 10 லட்சம் என்பார். எந்த எண்ணை எழுதினாலும், எவர் எந்த ஆண்டில் எவ்வாறு எண்ணினார் என்பதை அதன் பக்கத்திலேயே எழுதவேண்டும்; எழுத முடியாவிடில் அவ்வெண்ணை விட்டுவிடவேண்டும்.

இனி, மக்களிடம் கேட்கும் முறை. இதில்தான் எங்கள் அனுபவம் மிகுதி. சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

தாராவியில் புனரமைப்புத் திட்டத்திற்காக வீட்டுக்கு வீடு கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. ஒருவர் 2000 ஜனவரி 1-க்கு முன்பே அங்கிருந்தவரா, பின்னர் வந்தவரா என்பதைப் பொறுத்து அவருக்குக் கிடைக்கும் உரிமை வேறுபடும். இந்நிலையில் கையில் தாளும் பேனாவும் ஏந்தி ஒரு பிள்ளை சந்துக்குள் நுழைந்தால் எவர் அஞ்சமாட்டார்? கல்லூரியில் கொடுக்கும் மாதிரிப் பட்டியலில் முதற்கேள்வியே, “எத்தனை ஆண்டுகளாக இவ்விடத்தில் தொழில் நடத்துகிறீர்கள்?” என்பது. அந்த ஒரு கேள்வி போதும், கதவு சாத்திக்கொள்ளும்! ஆகையால் அதனைக் கடைசியில் வையுங்கள்; தேவையில்லையெனில் நீக்கிவிடுங்கள். கல்லூரி அடையாளச் சீட்டைக் காட்டுங்கள். பெயரையும் கடை எண்ணையும் எழுதமாட்டோம் என்று சொல்லுங்கள், சொன்னபடி எழுதாதிருங்கள். நன்றியுரைப் பக்கத்திற்காக ஒருவர் பிழைப்பை இடருக்குள்ளாக்கலாகாது.

செம்பூரிலிருந்து ஒரு பெண் எங்களிடம் வந்தாள். தாராவியில் விடியுமுன் இட்லி அவித்து, பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டி, ஊதுகுழலை அழுத்திக்கொண்டே நகரெங்கும் விற்று வருகிறார்களே நம் மக்கள், அவர்களின் வரவு செலவை எழுத விரும்பினாள். முதல் நாள் ஒருவரிடம், “அண்ணாச்சி, மாத லாபம் எவ்வளவு?” என்று கேட்டாள். “ஏதோ ஓடுது தாயி” என்பதே விடை. மனமுடைந்து வந்தவளிடம், “லாபத்தைக் கேளாதே, நேற்றைக் கேள்” என்றோம். நேற்று எத்தனை கிலோ அரிசி, எவ்வளவு உளுந்து, எத்தனை தேங்காய், எத்தனை இட்லி மிச்சம்? இவற்றிற்கு எவரும் தயங்காமல் விடை சொல்வர். லாபம் என்பது அவர்கள் சொல்ல வேண்டியதன்று. நாம் வீட்டுக்கு வந்து கணக்கிட வேண்டியது.

அவ்வாறே பன்னிருவரைக் கண்டாள். கணக்கிட்டபோது வருமானம் நன்றாகவே தோன்றியது. மகிழ்ச்சியோடு காட்டினாள். “சட்னி அரைத்தவர் யார்?” என்று கேட்டோம். மனைவியார், இரவு இரண்டு மணிக்கு எழுந்து. அவருக்குக் கூலி கணக்கில் இல்லை. மீண்டும் சென்று, “அந்த வேலைக்கு ஆள் வைத்தால் என்ன கொடுப்பீர்கள்?” என்று கேட்டாள். அண்ணாச்சி சிரித்தார். உள்ளிருந்து அந்த அம்மாள் வெளியே வந்து, கூலி இவ்வளவு என்று தயங்காமல் ஓர் எண்ணைச் சொன்னார். அதுவரை அவரை யாரும் கேட்டதில்லை போலும். அந்த எண்ணைச் சேர்த்துக் கணக்கிட்டபோது பல குடும்பங்களின் லாபம் தேய்ந்து ஒரு கூலியாளின் ஊதியத்தளவே நின்றது. அவள் ஏட்டின் நான்காம் அதிகாரம் அதுதான். கடையில் வாங்கும் எந்த ஏட்டிலும் அவ்வதிகாரம் இராது.

எழுதும் வேலை அத்துணைக் கடினமன்று. முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். என்ன கண்டோம் என்பது தெரிந்த பின்னரே வாயிலைக் கட்ட முடியும். கேட்டு வந்ததை அன்றிரவே நல்ல படியாக எழுதிவிடுங்கள். மறுநாள் பாதி மறந்துவிடும். பன்னிருவரில் எண்மர் என்பதை 66.67 விழுக்காடு என்று எழுதாதீர்கள். பன்னிருவரில் எண்மர் என்றே எழுதுங்கள். காணாததையும் கேளாததையும் ஒரு பக்கத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். ஜனவரியில் தொடங்கி மார்ச்சில் முடிப்பது நடவாத காரியம். தீபாவளிக்கு முன் கேள்வியும், பொங்கலுக்கு முன் கணக்கெடுப்பும் முடிந்திருக்கவேண்டும். தமிழிலோ இந்தியிலோ கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் எழுதும்போது மக்கள் சொன்ன தொழிற்சொல்லை ஓரிடத்திலேனும் அப்படியே வையுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒன்று. ஆங்கிலம் அறியோம் என்று நீங்கள் ஒதுங்கி நிற்கவேண்டா. மாட்டுங்காவில் பூக்கடை வைத்திருப்பவர் எந்த நாளில் எவ்வளவு பூ வாடிப் போகிறது என்பதை அறிவார். அவர் அறிந்ததை எழுதிக்கொள்ளத்தான் பிள்ளை கல்லூரிக்குப் போகிறான்.

வரும் ஜூலைத் திங்கள் முதல் ஞாயிறுதோறும் மாலை 5 மணிக்குச் சங்கத்தின் நூலகத்தில் நாங்கள் அமர்ந்திருப்போம். வரும் மாணாக்கர் துண்டுத் தாளில் ஒரே ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு வந்தால் போதும். தோற்பைத் தொழிலைப் பற்றி எழுத விரும்புவோர்க்கு, முற்கூறிய தந்தையார் தம் பில் புத்தகங்களைக் காட்ட இசைந்துள்ளார். திங்கட்கிழமை காலையில் மட்டும் அவரிடம் செல்லவேண்டா. அது சரக்கு அனுப்பும் நேரம்.