தராசு யார் கையில்?

(வளர்கல்வி மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



முதல் வரிசையில் இருக்கும் அம்மாவிடம் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். அதில் சில கொட்டைகள் இருக்கின்றன. பார்ப்பதற்குப் பாதாம் பருப்பு மாதிரி இருக்கும். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு பொட்டலத்தைப் பக்கத்தில் கொடுங்கள். தோலை உரித்துவிட்டுக் கடித்துப் பாருங்கள்.

கசக்கிறதா? கசக்கத்தான் செய்யும். இதுதான் கோகோ. இதிலிருந்துதான் சாக்லேட் செய்கிறார்கள். நீங்கள் கடிப்பது பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் ஊடுபயிராக விளைந்தது. ஆனால் நான் பேசப்போவது வெகு தூரத்தில் உள்ள ஒரு நாட்டைப் பற்றி. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் கானா என்று ஒரு நாடு இருக்கிறது. நம்மைப் போல அதையும் வெள்ளைக்காரர்கள்தான் ஆண்டார்கள். 1957இல் விடுதலை பெற்றது. உலகத்தில் கோகோ அதிகம் விளையும் நாடுகளில் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று ஐவரி கோஸ்ட். மற்றொன்று அதன் பக்கத்து நாடான இந்தக் கானா.

கோகோ அந்த மண்ணில் தானாக முளைத்த மரம் இல்லை. அதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா. டெட்டே குவார்ஷி என்ற ஒரு கொல்லர் கடல் கடந்து வேலைக்குப் போனார். திரும்பி வரும்போது கோகோ விதைகளைக் கொண்டு வந்து தன் நிலத்தில் ஊன்றினார். இது 1870களில் நடந்தது. அவரைப் பார்த்து அடுத்தவர் நட்டார். அவரைப் பார்த்து இன்னொருவர். இடம் போதவில்லை. சொந்தக்காரர்கள் சேர்ந்து பணம் போட்டுத் தொலைவில் காட்டு நிலம் வாங்கி நட்டார்கள். கோகோ மரம் காய்க்க மூன்று நான்கு வருடம் ஆகும். அதுவரை கையில் காசு வராது. அப்படியும் துணிந்து நட்டார்கள். 1911இல் உலகத்திலேயே அதிகக் கோகோ விளைந்த நாடு அதுதான். எல்லாம் சிறு விவசாயிகள் செய்தது. தொழில் முனைவோர் என்று பெரிய வார்த்தை சொல்கிறோமே, இவர்கள்தான் தொழில் முனைவோர்.

சரி, பாடு எப்படி என்று கேளுங்கள்.

கோகோக் காய் கிளை நுனியில் தொங்காது. பலாக்காய் மாதிரி அடிமரத்திலேயே ஒட்டிக் காய்க்கும். கத்தியால் அறுக்க வேண்டும். மரத்தில் வெட்டுப் படக்கூடாது. காயை உடைத்தால் உள்ளே வெள்ளைச் சதை. சதைக்குள் கொட்டை. அதைச் சதையோடு அள்ளி இலையில் குவிப்பார்கள். மேலேயும் இலை போட்டு மூடுவார்கள். ஆறு நாள் அப்படியே கிடந்து புளிக்கும். குவியல் சூடாகும். நடுவில் கிளறிவிட வேண்டும். இந்தப் புளிப்பு சரியாக ஏறினால்தான் பின்னால் சாக்லேட் மணம் வரும். பிறகு பாய் விரித்து வெயிலில் காய வைப்பார்கள். ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். மழை வந்தால் ஓடிப்போய் மூட வேண்டும். கெட்ட கொட்டைகளைப் பொறுக்கி எறிய வேண்டும். இந்தக் காய வைக்கும் வேலையில் பெண்களின் பங்கு பெரிது. நன்றாகக் காய்ந்த கொட்டையைக் கையில் அள்ளி இறுக்கினால் சடசடவென்று சத்தம் வரும்.

காய்ந்ததும் சாக்கில் கட்டி விற்கக் கொண்டு போவார்கள். அங்கே ஒரு தராசு இருக்கும். நம் கதை இந்தத் தராசைப் பற்றியதுதான்.

நிறுக்கிறவர் சொல்வதுதான் எடை. விவசாயி பலருக்கு எழுத்துத் தெரியாது. தராசில் இருக்கும் எண்ணும் தெரியாது. தெரிந்தாலும் கேட்க முடியாது. கோகோவை வாங்குவதற்கு அரசாங்க அமைப்பு ஒன்றுதான் இருந்தது. அங்கே கோபித்துக்கொண்டால் வேறு எங்கே போய் விற்பது? நிறுக்கிற ஆட்கள் பலர் தராசைத் திருத்தி வைத்தார்கள். மூட்டைக்கு மூட்டை எடை காணாமல் போனது. பணமும் உடனே வராது. அலைய வைப்பார்கள்.

நம்மில் நிலக்கடலை விற்றவர்கள், பருத்தி விற்றவர்கள், பழைய இரும்பு விற்றவர்கள் இருக்கிறீர்கள். நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் சிரிப்பே சொல்கிறது.

கானாவில் 1983இல் பெரும் வறட்சி வந்தது. காட்டுத் தீயில் ஏராளமான கோகோத் தோட்டங்கள் எரிந்தன. அரசாங்கத்திடம் பணம் இல்லை. கடன் கொடுத்தவர்கள் நிபந்தனை போட்டார்கள். கடைசியில் 1990களின் தொடக்கத்தில் சட்டத்தைத் தளர்த்தினார்கள். இனி உரிமம் பெற்ற தனியார் கம்பெனிகளும் விவசாயிகளிடம் கோகோ வாங்கலாம் என்றார்கள். அந்தக் கோகோவை அரசாங்க வாரியத்திடம் கொடுக்க வேண்டும். வாரியம் தரகு கொடுக்கும்.

யார் யாரோ உரிமம் கேட்டு வரிசையில் நின்றார்கள். அப்போது சில விவசாயிகள் யோசித்தார்கள். கம்பெனி என்றால் வெளியிலிருந்துதான் வர வேண்டுமா? நாமே ஒரு கம்பெனி வைத்தால் என்ன?

1993இல் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். இருபது சொச்சம் கிராமங்கள் சேர்ந்தன. இங்கிலாந்திலிருந்து ஒரு வணிக அமைப்பு கடன் கொடுத்து உதவியது. குமாசி என்ற நகரத்தில் தலைமை அலுவலகம். சங்கத்தின் பெயர் குவாபா கொக்கூ. அவர்கள் மொழியில் 'நல்ல கோகோ விவசாயி' என்று பொருள்.

அவர்கள் செய்த முதல் காரியம் தராசை மாற்றியது. தராசு என்றால் இரும்பை மட்டும் சொல்லவில்லை. நிறுக்கும் ஆளை மாற்றினார்கள். ஒவ்வொரு கிராமச் சங்கமும் தனக்கு ஒரு எடையாளரைத் தேர்ந்தெடுக்கும். அவர் வெளியூர்க்காரர் இல்லை. அதே ஊர்க்காரர், அவரும் கோகோ விவசாயி. ஊர்க் கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். அவருக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி உண்டு. எடையில் கை வைத்தால் அடுத்த தேர்தலில் அவர் வெளியே போக வேண்டியதுதான்.

இந்த எடையாளரின் வேலையைக் கொஞ்சம் பாருங்கள். எடை பார்க்க வேண்டும். விவசாயியின் பாஸ் புத்தகத்தில் எடையையும் பணத்தையும் எழுத வேண்டும். சங்கத்தின் பேரேட்டிலும் எழுத வேண்டும். இரண்டும் ஒத்துப் போக வேண்டும். கொட்டை காய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சித்தப்பா மகன் ஈரக் கொட்டை கொண்டு வந்தால், "அண்ணே, இன்னும் இரண்டு நாள் காய வையுங்கள்" என்று திருப்பி அனுப்ப வேண்டும். அதுதான் கஷ்டமான வேலை! தராசைத் திருத்தாமல் இருப்பது கூடச் சுலபம். சொந்தக்காரர் முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்வது சுலபமா? சொல்லாவிட்டால் என்ன ஆகும்? அரசாங்கத்தின் தரம் பார்ப்பவர்கள் மூட்டையைக் குத்திப் பார்த்துத் தள்ளிவிடுவார்கள். ஒருவருடைய ஈரக் கொட்டையால் ஊருக்கே கெட்ட பெயர்.

சங்கம் வளர்ந்தது. கிராமங்கள் ஆயிரத்தைத் தாண்டின. நிர்வாகக் குழுவில் பெண்களுக்கும் இடம் வேண்டும் என்று விதி வைத்தார்கள்.

சங்கத்துக்கு இன்னொரு வருமானமும் வந்தது. 'நியாய வணிகம்' என்று ஒரு முறை இருக்கிறது. அந்த முத்திரையோடு விற்கும் கோகோவுக்கு வெளிநாட்டு வியாபாரி விலைக்கு மேல் ஒரு கூடுதல் தொகை கொடுக்க வேண்டும். அது தனி ஆளுக்குப் போகாது. சங்கத்தின் பொது நிதிக்குப் போகும். 2019 அக்டோபரில் அந்தத் தொகை டன்னுக்கு 240 டாலர் என்று உயர்ந்தது. 64 கிலோ மூட்டைக்குக் கணக்குப் போட்டால் சுமார் 15 டாலர். ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். தொடக்க காலத்தில் சங்கத்தின் கோகோவில் சிறு பங்குதான் இப்படி விற்றது. மீதி எல்லாம் சாதாரண விலைக்குத்தான் போனது.

அந்தச் சிறு பணத்தில் என்ன செய்தார்கள்? குழாய்க் கிணறு போட்டார்கள். பள்ளிக்கூடம் கட்டினார்கள். மக்காச்சோளம் அரைக்கும் மில் வைத்தார்கள். அங்கே மக்காச்சோள மாவும் முக்கியமான சாப்பாடு. மில்லைப் பெண்கள் குழுவே நடத்துகிறது. அரைக்கக் கூலி வாங்குகிறார்கள். அந்த வருமானம் குழுவுக்கு.

எனக்கு மிகவும் பிடித்தது சோப்பு. கோகோக் காயை உடைத்தால் ஓடு மிஞ்சும். தோட்டத்தில் சும்மா அழுகிக் கிடக்கும் ஓடு அது. பெண்கள் அதைக் காய வைத்து எரிக்கிறார்கள். சாம்பலிலிருந்து காரம் எடுக்கிறார்கள். எண்ணெய் சேர்த்துச் சோப்பு காய்ச்சுகிறார்கள். கோகோ அறுவடை இல்லாத மாதங்களில் கையில் காசு இருக்காது. அப்போது இந்தச் சோப்பு கை கொடுக்கிறது.

இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கொட்டையை விற்றால் கொட்டை விலைதான். லாபம் சாக்லேட்டில் அல்லவா இருக்கிறது? வாழ்நாள் முழுவதும் கோகோ விளைவித்து, ஒரு நாளும் சாக்லேட் சுவைக்காதவர்கள் அங்கே ஏராளம். 1997இல் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் கூடி முடிவு எடுத்தார்கள். 1998இல் இங்கிலாந்தில் ஒரு சாக்லேட் கம்பெனி தொடங்கியது. டிவைன் என்பது அந்தச் சாக்லேட்டின் பெயர். விவசாயிகள் அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சொந்தக்காரர்கள். 2006இல் அவர்கள் பங்கு 45 சதவீதமாக உயர்ந்தது. கிராமத்து விவசாயிகளின் பிரதிநிதிகள் கம்பெனிக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தார்கள்.

எல்லாம் நல்லபடியாகவே நடந்தது என்று நான் சொன்னால் நம்பாதீர்கள்.

2009இல் சங்கத்துக்கு ஒரு சோதனை வந்தது. சில கிராமங்களில் பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைகள் தோட்டத்தில் கடும் வேலை செய்வது தெரிய வந்தது. கத்தி பிடித்துக் காய் உடைப்பது, பாரம் சுமப்பது போன்ற வேலைகள். சங்கம் என்ன செய்தது? ஏழு கிராமச் சங்கங்களை நிறுத்தி வைத்தது. அந்த ஊர்களில் எத்தனை குடும்பம் கஷ்டப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளையை வேலைக்கு அனுப்பாத குடும்பமும் அந்த ஊரில்தானே இருக்கும்? ஆனாலும் நான் சங்கத்தின் பக்கம்தான் நிற்பேன். எடை விஷயத்தில் பிறரைக் கேள்வி கேட்டவர்கள் தங்கள் வீட்டுக் கணக்கை மூடி மறைக்க முடியுமா? பிறகு ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். எந்த வேலை பிள்ளைகளுக்கு ஆபத்து என்று விளக்கினார்கள். நிறுத்தி வைத்ததால் மட்டும் இது தீர்ந்துவிடாது. கூலிக்கு ஆள் வைக்கப் பணம் இல்லாதவர்தான் பிள்ளையைக் கூப்பிடுகிறார்.

சாக்லேட் கம்பெனியும் அப்படியே நிலைக்கவில்லை. 2020இல் ஜெர்மனி நாட்டுக் கம்பெனி ஒன்று அதில் பெரும் பங்கை எடுத்துக்கொண்டது. விவசாயிகளின் பங்கு 20 சதவீதமாகக் குறைந்தது.

கிராமத்துத் தராசு விவசாயிகள் கைக்கு வந்தது. ஆனால் விலை? அது கிராமத்தில் முடிவாவது இல்லை. லண்டன், நியூயார்க் சந்தைகளில் உலக விலை ஏறி இறங்கும். கானாவில் விவசாயிக்கு என்ன விலை என்று அரசாங்கம் அறிவிக்கும். 2024இல் நடந்ததைக் கேளுங்கள். உலகச் சந்தையில் ஒரு டன் கோகோ 10,000 டாலரைத் தாண்டியது. முன்பு எப்போதும் இல்லாத விலை. கானா விவசாயிக்கு அதில் ஒரு பகுதிதான் கிடைத்தது. ஏன்? விலை குறைவாக இருந்தபோதே கோகோவை முன்கூட்டி விற்று ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். விளைச்சலும் குறைந்திருந்தது. மரங்களில் நோய். மழையும் சரியில்லை. பலர் இரவோடு இரவாக எல்லை தாண்டிப் பக்கத்து நாடுகளில் மூட்டையை விற்றார்கள். அங்கே அப்போது விலை அதிகமாக இருந்தது. அதைத் தவறு என்று சட்டம் சொல்கிறது. கடன்காரன் வாசலில் நிற்கும்போது நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

2024 செப்டம்பரில் அரசாங்கம் விலையை உயர்த்தியது. 64 கிலோ மூட்டைக்கு 2,070 சேடியாக இருந்தது 3,000 சேடி ஆனது. சேடி என்பது அந்த நாட்டுப் பணம்.

இப்போது ஒரு கணக்கு. மூட்டைக்கு 64 கிலோ. விலை அந்த 3,000 சேடி என்றே வைத்துக்கொள்வோம். நிறுக்கிறவர் மூட்டைக்கு 2 கிலோ குறைத்துக் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விவசாயிக்கு எவ்வளவு நஷ்டம்? 3,000ஐ 64ஆல் வகுக்க வேண்டும். வந்த விடையை 2ஆல் பெருக்க வேண்டும். பத்து மூட்டை என்றால் எவ்வளவு?

கரும்பலகை இருக்கிறது. சாக்கட்டியும் இருக்கிறது. பின் வரிசையில் அந்த அக்கா விரல் விட்டு எண்ணிக்கொண்டு இருக்கிறார்கள். வாருங்கள் அக்கா, இங்கே வந்து போட்டுக் காட்டுங்கள்.