பகைவனுக்குத் தண்ணீர்

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் நிகழ்த்திய உரை)



பகைவருக்கும் அன்பு செய்தல் என்னும் கிறிஸ்தவ போதனையைப் பற்றி இன்று சிந்திக்க இருக்கிறோம். தலைப்பைக் கேட்டதும் இளைஞர்களில் சிலர் முகம் சுளித்ததைக் கண்டோம். அதில் குற்றம் காணமாட்டோம். பொறுத்துக்கொள், அன்பாயிரு என்று சேரிக்கு வந்து சொன்னவர்கள் அதையே ஊர்த்தெருவில் போய்ச் சொன்னாரில்லை.

ஆயினும் அப்போதனையை முதலில் கேட்டவர்கள் யார் என்று பார்ப்போம். மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் இயேசுவைச் சூழ்ந்திருந்தவர்கள் ரோம ஆட்சிக்கு அடிமைப்பட்ட எளியோர். ரோமப் போர்வீரன் வழிப்போக்கனைப் பிடித்துத் தன் சுமையைத் தூக்கவைக்கலாம், கூலி கிடையாது. நம் பாட்டன்மார் அறிந்த வெட்டி வேலைதான் அது. அத்தகையவனோடு ஒரு மைலுக்கு இரண்டு மைலாக நடக்கும்படி இயேசு கூறுகிறார். முதல் மைல் அவன் கட்டளை. இரண்டாவது மைலில் தீர்மானிக்கிறவன் சுமப்பவனே.

யோவான் 4-ஆம் அதிகாரமோ நமக்கு இன்னும் நெருக்கமானது. யூதர் சமாரியரோடு புழங்கமாட்டார்கள். அந்த யூதரில் ஒருவராகிய இயேசு, நடுப்பகலில், கிணற்றடியில், ஒரு சமாரியப் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். அவள் திகைத்துப் போகிறாள். அந்தத் திகைப்பின் பொருளை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

பகைவன் தாகமாயிருந்தால் அவனுக்குக் குடிக்கக் கொடுக்க வேண்டும் என்று ரோமர் 12-ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதுகிறார். நீதிமொழிகளிலிருந்து அவர் எடுத்தாண்ட கருத்து அது. இங்கேதான் நமக்கு முள் தைக்கிறது. கொடுக்க நாம் ஆயத்தம். நம் கையால் வாங்கிக் குடிக்க அவன் ஆயத்தமா? நம் குவளை தீட்டு என்கிறவனுக்கு நாம் எவ்வாறு இரக்கம் காட்டுவது? ஆகவே, நாம் நீட்டும் குவளையும் குவளையே என்று நிலைநாட்டுவதும் இக்கட்டளைக்குள் அடங்கியதே என்போம். கை கட்டி நிற்பது அச்சமாக இருக்கலாம்; அதற்கு அன்பு என்று பெயர் சூட்டலாகாது.

1927 மார்ச் 20-ஆம் நாள் மகாட் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் நீர் அள்ளிப் பருகினர். அன்றே தடிகொண்டு தாக்கப்பட்டனர். திருப்பியடிக்கத் துடித்தவர்களை அண்ணல் அடக்கினார். குளத்தின் உரிமையையோ விட்டாரில்லை. 1937-இல் பம்பாய் உயர்நீதிமன்றத் தீர்ப்பு நம் பக்கம் வந்தது. அண்ணல் கிறிஸ்தவரல்லர், அவர் செயலைக் கிறிஸ்தவக் கணக்கில் வரவுவைக்க நாம் முனையவில்லை.

அப்போதனையை வெளிப்படையாகச் சொல்லியே போராடியவர் அமெரிக்கக் கறுப்பின மக்களின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங். மாண்ட்கோமரி நகரப் பேருந்துகளில் நிலவிய நிற வேற்றுமையை எதிர்த்து 1955 டிசம்பரில் புறக்கணிப்புத் தொடங்கியது. 1956 ஜனவரி 30-ஆம் நாள் இரவு அவர் வீட்டு முகப்பில் வெடிகுண்டு வீசினார்கள். உள்ளே மனைவியும் கைக்குழந்தையும் இருந்தனர், தெய்வாதீனமாகத் தப்பினர். செய்தி பரவி, ஆயுதங்களோடும் சிலர் திரண்டனர். சிதைந்த முகப்பிலே நின்று, ஆயுதங்களை எடுத்துக்கொண்டு வீடு திரும்புங்கள், நம் பகைவரையும் நேசிப்போம் என்ற கருத்தில் கிங் பேசினார். கூட்டம் கலைந்தது. இளைஞர்கள் அடுத்ததையும் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டே நாளில், பிப்ரவரி 1-ஆம் நாள், பேருந்துச் சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுக்கப்பட்டது. 381 நாட்கள் அம்மக்கள் பேருந்தில் ஏறவில்லை. உச்சநீதிமன்றத்தில் வென்ற பின்னரே ஏறினர். பகைவனை நேசித்தார்கள், அவனுக்குக் கட்டணம் கொடுக்கவில்லை!

அதே கிங் 1959-இல் திருவனந்தபுரத்தில் நம் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்குச் சென்றார். அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டப்படாதார் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகப்படுத்தினார். முதலில் அதிர்ந்து, பிறகு எண்ணிப்பார்த்து, ஆம், நானும் அவ்வாறே என்று தமக்குள் ஒப்புக்கொண்டதாகப் பின்னாளில் கிங்கே கூறினார்.

இறுதியாக லூக்கா எழுதியதற்கு வருவோம். 9-ஆம் அதிகாரத்தில் சமாரியக் கிராமம் ஒன்று இயேசுவுக்கு இடந்தர மறுக்கிறது. வானத்து நெருப்பால் அதை எரிக்கலாமா என்று சீடர் இருவர் கேட்க, அவர் கடிந்துகொள்கிறார். அடுத்த அதிகாரத்திலேயே குற்றுயிராய்க் கிடந்த வழிப்போக்கனைத் தூக்கியெடுத்த நல்ல சமாரியனின் கதையைச் சொல்கிறார். காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்த கை, தீண்டத்தகாததென்று யூதர் ஒதுக்கிய கை. கண்விழித்தபின் அந்த மனிதன் என்ன சொன்னான் என்பதை லூக்கா எழுதவில்லை.