கரிசல் மண்ணின் குணமும் கிணற்று உப்பும்

(வானொலி உரை)



கழுகுமலை, கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரத்துக் கரிசல் மண்ணைப் பற்றி இன்றைக்குக் கொஞ்சம் பேசலாம். இந்த மண்ணிலே பிறந்து வளர்ந்த உங்களுக்கு அதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றலாம். மண்ணின் குணம் உங்களுக்குத் தெரியும். அந்தக் குணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், அதைக் கெடாமல் காப்பாற்றவும் வழி தெரியும். அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

கழுகுமலைப் பாறையைப் பாருங்க. பாண்டியர் காலத்தில் குடைந்த வெட்டுவான் கோயில் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக அசையாமல் நிற்கிறது. அதே மலையடிவாரத்துக் கரிசலில் கடைக்கால் ஆழமில்லாமல் ஒரு வீடு கட்டினால், சில வருஷத்திலேயே சுவர் கீறல் விடுகிறது. மழைக்கு மண் உப்புகிறது, கோடைக்குச் சுருங்குகிறது. சித்திரை வைகாசியில் கையை விட்டால் முழங்கை வரை போகிற அளவுக்கு வெடிப்பு. ஐப்பசியில் கால் வைத்தால் செருப்போடு ஒட்டிக்கொள்ளும் சேறு. ஏன் இப்படி?

கரிசல் மண்ணில் நூற்றுக்கு நாற்பது முதல் அறுபது பங்கு வரை களி. களித்துகள் என்பது ஒரு மில்லிமீட்டரை ஐந்நூறு கூறு போட்டால் அதில் ஒரு கூறைவிடவும் சிறியது. இவ்வளவு நுண்ணிய துகள் தண்ணீரில் கலந்தால் கரைவதும் இல்லை, சீக்கிரம் அடியில் தங்குவதும் இல்லை. மிதந்துகொண்டே இருக்கும். இப்படிப்பட்ட கலவைக்குக் கூழ்மம் என்று பெயர். நம் வீட்டுப் பால் ஒரு கூழ்மம். கஞ்சித்தண்ணீர் ஒரு கூழ்மம். கோவில்பட்டித் தீப்பெட்டி ஆலைகளில் குச்சி மருந்துக்குச் சேர்க்கிற வச்சிரப்பசையும் கூழ்மம்தான்.

கரிசலில் உள்ள களி மெல்லிய ஏடு ஏடாக, ஓலைச்சுவடி மாதிரி அடுக்கியிருக்கும். ஏடுகளுக்கு நடுவில் தண்ணீர் புகுந்தால் சுவடி பருக்கிறது, காய்ந்தால் ஒட்டிக்கொள்கிறது. மண் உப்புவதும் வெடிப்பதும் இதனால்தான். இந்த ஏடுகளையெல்லாம் பிரித்து விரித்தால் எவ்வளவு பரப்பு வரும் தெரியுமா? ஒரு கிராம் களிக்கு 600 முதல் 800 சதுர மீட்டர். ஏழு கிராம் களி இருந்தால் ஒரு ஏக்கரை மூடிவிடலாம். அத்தனை பரப்பிலும் ஈரம் ஒட்டியிருக்கிறது. கார்த்திகையோடு மழை நின்றாலும் பருத்தியும் சோளமும் தை வரைக்கும் தாக்குப்பிடிக்கிறது என்றால், அந்த ஈரம்தான் காரணம். வெடிக்கிறதே என்று மண்ணைக் குறை சொல்ல வேண்டாம். வெடிக்க வைக்கிற குணமே பயிரையும் காக்கிறது.

இன்னொரு விஷயம். களி ஏடு ஒவ்வொன்றிலும் எதிர்மின்சாரம் இருக்கிறது. ஆகவே நேர்மின்சாரம் கொண்ட சத்துகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம், சாம்பல் சத்து, சோடியம் எல்லாம் இப்படி ஒட்டியிருப்பவைதான். இது 1850-ஆம் ஆண்டிலேயே தெரிந்த சங்கதி. இங்கிலாந்தில் தாம்சன் என்ற ஒரு பண்ணைக்காரரும், வே என்ற ஒரு ரசாயன நிபுணரும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழாயில் மண்ணை நிரப்பி, மேலே அமோனியம் சல்பேட் கரைசலை ஊற்றினார்கள். அடியில் அமோனியம் சல்பேட் வரவில்லை. ஜிப்சம் வந்தது! அமோனியாவை மண் பிடித்துக்கொண்டு, தன்னிடம் இருந்த சுண்ணாம்புச் சத்தை விட்டுவிட்டது. பண்டமாற்று மாதிரி, ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குகிறது. இந்தப் பண்டமாற்றை ஞாபகம் வையுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

இப்போது ஊருணித் தண்ணீருக்கு வருவோம். மழை பெய்ததும் தண்ணீர் கலங்கலாக இருக்கும். நம் வீட்டுப் பெண்கள் பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையைத் தேய்ப்பார்கள், இல்லாவிட்டால் படிகாரத்தை ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தெளிந்துவிடும். களித்துகள் எல்லாவற்றிலும் ஒரே எதிர்மின்சாரம் என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. படிகாரத்தில் உள்ள அலுமினியம் அந்தத் தள்ளுதலை அடக்கிவிடுகிறது. துகள்கள் சேர்ந்து திரண்டு அடியில் தங்குகின்றன. தாமிரபரணி வண்டலும் புன்னைக்காயல் பக்கம் கடலைத் தொட்டதும் உப்பினால் இப்படித்தான் திரண்டு படிகிறது.

ஆனால் எல்லா உப்பும் ஒரே பலம் இல்லை. அலுமினியத்துக்கு மூன்று மின்பங்கு, சுண்ணாம்புச் சத்துக்கு இரண்டு, சோடியத்துக்கு ஒன்றுதான். சோடியத்தைக் காட்டிலும் சுண்ணாம்புச் சத்து சில பத்து மடங்கும், அலுமினியம் சில நூறு மடங்கும் வலுவாகக் களியைத் திரட்டும். ஷூல்ட்ஸ், ஹார்டி என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1882-லும் 1900-லும் இதைக் கண்டு சொன்னார்கள்.

நம் நிலத்துக்கு இதனால் என்ன? களியோடு சுண்ணாம்புச் சத்து ஒட்டியிருந்தால் துகள்கள் திரண்டு பொலபொலவென்று மணி மணியாக நிற்கும். காற்றும் நீரும் உள்ளே போகும், விதை முளை விடும். அந்த இடத்தைச் சோடியம் பிடித்துவிட்டால் துகள்கள் பிரிந்துபோகும். மழை பெய்தால் மேல் மண் குழைந்து மெழுகினதுபோல் அடைத்துக்கொள்ளும், காய்ந்தால் ஓடு மாதிரி இறுகும். முளை மேலே வர முடியாது. பெய்கிற மழை உள்ளே இறங்காமல் ஓடைக்கு ஓடிவிடும். வருஷத்துக்கு ஒரு வடகிழக்குப் பருவத்தை நம்பியிருக்கிற மானாவாரிக்காரனுக்கு இதைவிட வேறு நஷ்டம் வேண்டுமா?

சோடியம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கிணற்றிலிருந்தும் ஆழ்துளைக் குழாயிலிருந்தும். மிளகாய்க்கும் காய்கறிக்கும் உவர்த்தண்ணீரைப் பாய்ச்சுகிறோம். இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். பாய்ச்சுகிற காலத்தில் மண் கெட்ட மாதிரியே தெரியாது. ஏனென்றால் தண்ணீரில் இருக்கிற உப்பே களியைத் திரட்டி வைத்திருக்கும். அடுத்த புரட்டாசி ஐப்பசியில் நல்ல மழைத்தண்ணீர் விழுந்ததும் உப்பு கரைந்து கீழே போய்விடும், களியோடு ஒட்டின சோடியம் மட்டும் தங்கிவிடும். அப்போதுதான் மண் குழைந்து அடைத்துக்கொள்ளும். "மழை பெய்தும் மண் கெட்டுப்போச்சே" என்பார்கள். மழை கெடுக்கவில்லை. பாய்ச்சின தண்ணீர் கெடுத்ததை மழை காட்டிக்கொடுத்தது.

இதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். நிலத்தில் நாலைந்து இடத்தில் மேல் மண் கட்டி எடுங்கள். சுண்டைக்காய் அளவு போதும். நன்றாகக் காய வையுங்கள். கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீர் விடுங்கள். மழைத்தண்ணீர் இல்லையென்றால் பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தநீர் ஆகும். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். கட்டியை மெதுவாக உள்ளே விட்டு, கலக்காமல், ஆட்டாமல் வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்தும் மறுநாளும் பாருங்கள். கட்டி உதிர்ந்து அடியில் கிடந்து, தண்ணீர் தெளிவாக இருந்தால் கவலையில்லை. கட்டியைச் சுற்றிப் பால் கலந்த மாதிரி புகைமூட்டம் கிளம்பினால் சோடியம் ஏறிவிட்டது என்று அர்த்தம். உவர்ப்பாசன நிலமாக இருந்து தண்ணீர் தெளிவாகவே இருந்தாலும், அந்தத் தண்ணீரை மெல்ல வடித்துவிட்டு, புதிதாக மழைத்தண்ணீர் விட்டு இன்னொரு தடவை பாருங்கள்.

மூட்டம் கண்டால் மண்ணையும் கிணற்று நீரையும் மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புங்கள். கார அமில நிலை 8.5-க்கு மேலும், களியில் ஒட்டிய சோடியம் நூற்றுக்கு 15-க்கு மேலும் இருந்தால் களர் நிலம் என்பது கணக்கு. கரிசல் மாதிரி உப்பிச் சுருங்கும் மண்ணில் அதற்கு முன்னாலேயே கெடுதல் தொடங்கிவிடும். கிணற்று நீரில் எஞ்சிய சோடியம் கார்பனேட் 2.5-க்கு மேல் என்று சீட்டில் வந்தால், அந்த நீர் அப்படியே பாய்ச்ச ஆகாது.

பரிகாரம் என்ன? அந்த 1850-ஆம் வருஷத்துப் பண்டமாற்றைத் திருப்பிப் போட வேண்டியதுதான். ஜிப்சத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்து களியில் போய் உட்காரும். சோடியம் இடத்தை விட்டு, சோடியம் சல்பேட்டாகிக் கரைந்து மழையோடு கீழே இறங்கும். எவ்வளவு போடுவது என்பது பரிசோதனைச் சீட்டில் வரும்; அடுத்த காட்டுக்காரர் போட்டார் என்று நாமும் போடக் கூடாது. ஆவணியில், மழைக்கு முன்னால் தூவி, மேல் மண்ணில் கலந்துவிட வேண்டும். வரப்பைப் பலப்படுத்தி முதல் மழையை நிலத்திலேயே நிறுத்துங்கள். சோடியம் கீழே இறங்க வழி இல்லாவிட்டால் ஜிப்சம் போட்டும் பலன் இல்லை. மோசமான கிணற்று நீரை, ஜிப்சம் கட்டிகள் போட்ட தொட்டி வழியாகப் பாயவிட்டு உபயோகிக்கிற முறையும் உண்டு.

"நம்ம கரிசல்லதான் சுக்கான் கல் கிடக்குதே, அது சுண்ணாம்பு இல்லையா?" என்று கேட்கலாம். சுண்ணாம்புதான். ஆனால் லேசில் கரையாது. அதைக் கரைக்கக் கரியமில வாயு வேண்டும். கோலிசோடாவில் அடைத்திருக்கிற அதே வாயுதான். தொழு உரமும் தழையும் மண்ணில் மக்கும்போது அந்த வாயு வெளிப்பட்டு மண் ஈரத்தில் கலக்கிறது, சுக்கானைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. கோடையில் ஆட்டுக்கிடை அமர்த்துகிற பழக்கம் உரத்துக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். மண் திரண்டு நிற்பதற்கும் அது உதவி.

கடைசியாக உழவுப் பதம். அதிக ஈரத்தில் டிராக்டரை விட்டால் திரண்ட மணிகள் நசுங்கி மண் இறுகிப்போகும். மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். கம்பி மாதிரி நீண்டால் ஈரம் அதிகம், பொறுத்திருங்கள். நீளாமல் உதிர்ந்தால் உழலாம். பயிர் நிற்கும்போது ஊடுழவு செய்து மேல் மண்ணைப் புழுதியாக வைத்தால் வெடிப்பு அடைபடும், அடி ஈரம் காக்கப்படும்.

கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901-லிருந்து இந்த மண்ணுக்கு நடுவிலேயே இருக்கிறது. சந்தேகம் இருந்தால் அங்கே போய்க் கேளுங்கள். இந்த ஆவணிக்கு முன்னால் டம்ளர் சோதனையை ஒரு தடவை செய்துவிடுங்கள். ஒரு டம்ளரும் கொஞ்சம் மழைத்தண்ணீரும்தான் செலவு. கெட்ட கரிசலைத் திருத்துவதற்குப் பல வருஷம் ஆகும். கெடாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.