காலில் பிறந்தவர்களும் கால்பந்தும்

(தேவகோட்டைப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நம்மைப் பேச அழைத்த தோழர்கள், வழக்கம்போல் சாமியைப் பற்றியும் சடங்கைப் பற்றியும்தான் பேசுவோம் என்று எதிர்பார்த்திருக்கலாம். நாம் பந்து விளையாட்டைப் பற்றிப் பேசப் போகின்றோம். "சுயமரியாதைக்காரனுக்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று அங்கே சிலர் சிரிக்கின்றார்கள். சம்பந்தம் உண்டா இல்லையா என்பதைக் கடைசியில் அவர்களே தீர்மானித்துக் கொள்ளட்டும்.

பிரம்மாவின் முகத்தில் பார்ப்பனனும், தோளில் க்ஷத்திரியனும், தொடையில் வைசியனும், காலில் சூத்திரனும் பிறந்தார்கள் என்று மனுதர்மத்தில் எழுதி வைத்திருக்கின்றார்கள். ஆதிதிராவிடத் தோழர்களுக்கு அந்தக் காலில்கூட இடமில்லை. முகத்திலும் தோளிலும் பிள்ளை பிறக்குமா என்கின்ற கேள்வியை ஒருபுறம் வையுங்கள். கால் என்றால் ஏன் இழிவாக வேண்டும் என்று மாத்திரம் கேட்கின்றோம். கால் நகராவிட்டால் முகம் ஒரு அடியாவது நகருமா? உழுகிறவனும் சுமக்கிறவனும் எதன்மேல் நின்று வேலை செய்கின்றான்? அந்தக் காலுக்கு எவ்வளவு வித்தை உண்டு என்பதைக் காட்டிய இரண்டு மனிதர்களின் சங்கதியைச் சொல்லுகின்றோம்.

ஒருவர் தென் அமெரிக்காவில் உருகுவே என்னும் சிறிய தேசத்தைச் சேர்ந்த இசபெலினோ கிராதின். 1897-ல் பிறந்தவர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துக் கொண்டுவரப்பட்ட கறுப்பு மக்களின் வழியில் வந்தவர். கால்பந்தில் மைதானத்தின் ஓரமாகப் பந்தைக் கொண்டு ஓடி, எதிரிகளைத் தாண்டி, நடுவிலிருப்பவனுக்குக் கொடுக்கின்ற 'விங்' ஆட்டக்காரன் ஒருவன் உண்டல்லவா, கிராதின் இடது ஓரத்தில் அப்படி ஆடினவர். 200 மீட்டர், 400 மீட்டர் ஓட்டங்களிலும் தென் அமெரிக்காவிலேயே முதல்வராக வந்தவர்.

1916-ல் தென் அமெரிக்க தேசங்களுக்குள் முதல் கால்பந்துப் போட்டி நடந்தது. உருகுவே சிலி தேசத்தை 4-0 என்று தோற்கடித்தது. நான்கில் இரண்டு கோல் கிராதின் போட்டவை. தோற்றவர்கள் என்ன செய்தார்கள்? "எங்களோடு ஆப்பிரிக்கர்கள் இருவரை ஆடவிட்டார்கள், ஆகையால் இந்த ஆட்டம் செல்லாது" என்று ஆட்சேபித்தார்கள். நம் ஊரில் தீட்டு என்று சொல்லுகின்றார்களே, அதே சங்கதிதான். கடல் கடந்து போனால் பாஷை மாறுகின்றதே ஒழியப் புத்தி மாறுவதில்லை. ஆனால் அந்த ஆட்சேபணை செல்லவில்லை. வெற்றி உருகுவேக்கே கிடைத்தது. அந்தப் போட்டியில் எல்லோரையும்விட அதிக கோல் போட்டவரும் கிராதினே.

மற்றவர் நம் தேசத்தவர். கல்கத்தாவைச் சேர்ந்த முகமது சலீம். இவர் வலது ஓரத்தில் ஆடினவர். 1934-ல் கல்கத்தா லீக்கில் முதன்முதல் வெற்றி பெற்ற இந்தியக் கழகமாகிய முகமதன் ஸ்போர்ட்டிங்கைச் சேர்ந்தவர். அந்தக் கழகம் 1938 வரை ஐந்து வருஷம் தொடர்ந்து ஜெயித்தது. 1936-ல் கப்பலேறி, கெய்ரோ வழியாக லண்டனுக்கும், அங்கிருந்து ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகரத்துக்கும் போனார். ஹாஷிம் என்கின்ற உறவினர் அவரை செல்டிக் என்னும் பெயர்பெற்ற கழகத்தின் நிர்வாகி வில்லி மேலியிடம் அழைத்துப் போய், "இவரைச் சோதித்துப் பாருங்கள், ஆனால் இவர் வெறுங்காலோடுதான் ஆடுவார்" என்றார். பூட்ஸ் போட்டவர்கள் மத்தியில் வெறுங்காலா என்று கேட்டவர்கள், ஆட்டத்தைப் பார்த்த பிறகு ஒப்புக்கொண்டார்கள். பாதத்தில் துணிக்கட்டு மாத்திரம் கட்டிக்கொண்டு செல்டிக்கின் இரண்டாம் அணியில் ஆடினார். ஹாமில்டனை 5-1 என்றும், கால்ஸ்டனை 7-1 என்றும் அந்த அணி தோற்கடித்தது. இந்தியாவிலிருந்து போய் ஐரோப்பியக் கழகமொன்றில் ஆடின முதல் மனிதர் இவரே.

மறுநாள் அங்குள்ள பத்திரிகை என்ன எழுதிற்று? இவரை வித்தைக்காரன் என்றும், ஜனங்களை மயக்கிவிட்டார் என்றும் எழுதிற்று. தோழர்களே! இதில் மயக்கமுமில்லை, மந்திரமுமில்லை. சிறு வயது முதல் ஆயிரம் தடவை, பதினாயிரம் தடவை பந்தை உருட்டிப் பழகின கால் அது. வெள்ளைக்காரன் மாயம் என்கின்றான், நம்மவன் பூர்வஜன்மப் பலன் என்கின்றான். பழக்கம் என்று சொல்ல இருவருக்கும் மனம் வருவதில்லை. ஏனென்றால், பழக்கம் என்று ஒப்புக்கொண்டால் பழக இடம் கொடுத்தால் எவனுக்கும் வரும் என்று ஒப்புக்கொள்ள வேண்டுமே!

உடனே நம் பாரதப் பெருமைக்காரர்கள், "பார்த்தாயா, வெறுங்காலின் மகிமையை!" என்று கிளம்பிவிடுவார்கள். அதையும் கொஞ்சம் கவனியுங்கள். 1948-ல் லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடி, பிரான்சிடம் 1-2 என்று மயிரிழையில் தோற்றார்கள். இந்தியாவின் அந்த ஒரு கோல் சாரங்கபாணி ராமன் போட்டது. 1952-ல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்றோம். குளிர் தேசத்து மண் மகிமையைக் கேட்குமா? அதன் பிறகுதான் பூட்ஸ் நமக்குக் கட்டாயமாயிற்று. ஆகவே வெறுங்கால் புண்ணியமுமல்ல, பூட்ஸ் பாவமுமல்ல. எது வேண்டும் என்பதை ஆடுகிறவன் தீர்மானிக்க வேண்டும். சலீம் தானாகச் செருப்பை விட்டார். செருப்பே போடக்கூடாது என்று பிறர் கட்டளையிட்டால் அது வேறு சங்கதி.

அப்படிக் கட்டளையிட்டது எங்கே என்று கேட்கின்றீர்களா? வெகுதூரம் போக வேண்டாம். இந்தத் தேவகோட்டையும் சேர்ந்திருந்த பழைய இராமநாதபுரம் ஜில்லாவில்தான். 1930 டிசம்பரில் மேல்ஜாதியார் கூடி ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேஷ்டி கட்டக்கூடாது, சட்டை போடக்கூடாது, கிராப்பு வைக்கக்கூடாது, வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக்கூடாது, காலில் செருப்புப் போடக்கூடாது. பெண்கள் மேலே துணி போடக்கூடாது. மீறினவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. சலீம் கிளாஸ்கோவில் கைதட்டல் வாங்கினதற்கு ஆறு வருஷம் முந்தித்தான் இது. அது பழைய கதை என்பீர்களானால், பக்கத்துக் கண்டதேவியைப் பாருங்கள். தேர் வடத்தை ஆதிதிராவிடர் தொடலாமா என்கின்ற சண்டை கோர்ட்டு வரை போய், தேர் பல வருஷம் ஓடாமல் நின்று, 2024-ல்தான் மறுபடி ஓடிற்று. சாமி பேரால் உள்ள கயிற்றைவிடத் தோல் பந்து எவ்வளவோ யோக்கியமானது. யார் கால் பட்டாலும் அது உருளுகின்றது.

அந்தக் காலத்துப் பந்து செத்த மாட்டின் தோலால் ஆனது. அதை முகத்தில் பிறந்தவன் தன் தலையால் முட்டுவான், குற்றமில்லை. ஆனால் தோலைப் பதப்படுத்தினவன் பக்கத்தில் வந்தால் தீட்டு. இதைவிடப் பெரிய வேடிக்கை உலகத்தில் உண்டா?

இன்னொன்று. அந்தக் காலத்தில் காசு வாங்காமல் ஆடுவதே உயர்ந்தது என்று வைத்திருந்தார்கள். இது நம் கீதைக்காரர்கள் சொல்லுகின்ற 'பலனை எதிர்பாராமல் கடமையைச் செய்' என்பதற்குத் தம்பி. சொத்துள்ளவன் அப்படி ஆடலாம், ஏழை என்ன செய்வான்? உருகுவேயில் 1932-ல்தான் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் முறையாக வந்தது. கிராதின் அதற்குள் ஓய்ந்துவிட்டார். 1944-ல் வறுமையில் மாண்டார். சலீம் ஊர் நினைவு தாங்காமல் கல்கத்தாவுக்கே திரும்பி வந்தார். அவர் வயோதிகத்தில் நோயாய்க் கிடந்தபோது மகன் செல்டிக் கழகத்துக்கு எழுத, 100 பவுனுக்கு ஒரு செக் வந்தது. தகப்பனாரை அவர்கள் மறக்கவில்லை என்பதே போதுமென்று மகன் அதை மாற்றாமல் வைத்துக்கொண்டார். 1980-ல் சலீம் காலமானார். கிளாஸ்கோக்காரன் நினைத்துக்கொண்டான். கோயில் உண்டியலில் கொட்டுகின்ற நம் தேசம் என்ன செய்தது?

ஆகவே தோழர்களே, நாம் கேட்பது அதிகமொன்றுமில்லை. ஒவ்வொரு ஊரிலும் ஒரு பொட்டல் இருக்கின்றது. மாலையில் அங்கே பிள்ளைகள் ஆடுகின்றார்கள். அதில் எந்தத் தெருப் பிள்ளை ஆடுகின்றான், எந்தத் தெருப் பிள்ளை ஓரத்தில் நின்று, வெளியே போன பந்தை எடுத்துப் போட மாத்திரம் கூப்பிடப்படுகின்றான் என்று இன்றே போய்ப் பாருங்கள். தெருவுக்கு ஒரு கட்சி, ஜாதிக்கு ஒரு கட்சி, மதத்துக்கு ஒரு கட்சி என்றில்லாமல், எல்லாத் தெருவிலிருந்தும் பொறுக்கி ஒரே கட்சியாக ஆடவிடுங்கள். பெண் பிள்ளைகளையும் ஆடவிடுங்கள். திருவிழா வசூலில் ஒரு பங்கைப் பந்துக்கும் பூட்ஸுக்கும் ஒதுக்குங்கள்.

நாம் சொல்லுவதற்காக ஒப்புக்கொள்ள வேண்டாம். பொட்டலில் ஒரு மாலை நின்று பார்த்து, காலில் பிறந்தவன் யார், முகத்தில் பிறந்தவன் யார் என்று ஓடுகின்ற பிள்ளைகளைக் கொண்டு கண்டுபிடிக்க முடிகின்றதா என்று சோதித்துப் பாருங்கள். முடியவில்லையானால், எழுதி வைத்தவன் பொய்யன் என்று தைரியமாகச் சொல்லுங்கள். சிரித்த தோழர்களுக்கு இப்போது சம்பந்தம் விளங்கியிருக்கும் என்று கருதி, நம் பேச்சை முடித்துக் கொள்ளுகின்றோம்.