அரணும் இடுக்கும்



அணு உலையைச் சூழ எழுப்பப்படும் காப்பரண் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம். வரம்பு எத்துணை அகலமாயினும், ஒரேயொரு நண்டுவளை வயல்நீர் முழுவதையும் இரவோடிரவாக வடித்துவிடும் என்பதைக் கமக்காரருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. உலையின் அரணும் அத்தகையதே.

யுரேனியக் கரு பிளவுறுங்கால் காமாக் கதிர்களும் நியூத்திரன்களும் வெளிப்படுகின்றன. காமாக் கதிர்களை ஈயமும் இரும்பும் தடுக்கும். மின்னேற்றமற்ற நியூத்திரன்களோ ஈயத்தினூடே எளிதிற் செல்வன. ஐதரசன் செறிந்த நீர் போன்ற பொருள்களில் மோதி மோதியே அவை வேகம் குன்றும். குன்றியவற்றைப் போரன் விழுங்கும். ஆனால், குழாய் செல்லும் துளையோ நீண்ட இடுக்கோ அரணில் இருப்பின், நியூத்திரன்கள் அதன்வழி ஓடைபோற் பாயும். பக்கங்களிற் பட்டுத் தெறித்து மேலும் முன்னேறும். அதனாலேயே துளைகளை நேராக விடாது, வளைத்தும் படிபோல் மடித்தும் அமைப்பர்.

இதிற் கவனம் தவறியதன் விலையை யப்பான் கொடுத்தது. 1969 இல் நீரில் இறக்கப்பட்ட 'முட்சு' என்னும் அணுக்கப்பலின் வரைபடத்தைப் பரிசீலித்த அமெரிக்க வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம், நியூத்திரன் கசியக்கூடும் என முன்னரே எச்சரித்தது. எச்சரிக்கை செவியேறவில்லை. குடாவிலே சிப்பி வளர்த்துப் பிழைத்த மீனவரின் எதிர்ப்பும் செவியேறவில்லை. 1974 ஓகஸ்ட் 26 இல், புயலால் மீனவர் படகுகள் ஒதுங்கிய வேளை பார்த்துக் கப்பல் வெளியேறியது.

செப்டெம்பர் 1 இல், முழு வலுவில் நூற்றுக்கு 1.4 பங்கை எட்டியபொழுதே கதிர் கசிந்தது. உலைக்கலத்துக்கும் அரணுக்கும் இடைப்பட்ட வெளியினூடே வேக நியூத்திரன்கள் மேலெழுந்தன. கப்பலோர் போரன் கலந்த சோற்றைக் கொண்டு அவற்றைத் தடுக்க முயன்றனர். இது நகைப்புக்குரியதன்று, சோற்றில் நீருண்டு, நீரில் ஐதரசன் உண்டு. கரையிலே அறிஞர் செய்திருக்க வேண்டிய வேலையை நடுக்கடலிலே சோற்றுப் பானை செய்ய நேர்ந்ததே வெட்கத்துக்குரியது!

கசிந்த கதிர் சிறிதே. கதிரியக்கப் பொருள் கடலிற் கலக்கவுமில்லை. ஆயினும் மீனவர் கப்பலைத் துறைக்குள் விட மறுத்தனர். முன்னர் தம் சொல்லைக் கேளாதவர்கள், இப்பொழுது "அபாயமில்லை" என்றால் யார் நம்புவர்? தாய்த்துறையை மாற்றுவதாக ஒக்டோபர் 14 இல் அரசு உடன்பட்ட பின்னரே, மறுநாள் கப்பல் கரை சேர்ந்தது. பின்னர் சசேபோத் துறையிலே அரண் திருத்தப்பட்டது. ஈற்றில் உலை அகற்றப்பட்டு, அது சமுத்திர ஆராய்ச்சிக் கப்பலாயிற்று.

அன்பர்களே, அரணின் தடிப்பை ஆள்வோர் பெருமையுடன் கூறுவர். இடுக்கு எங்கே என்று கேட்பது எம் கடமை. கற்றோர் அதனைக் கணித்துச் சொல்லட்டும். அயலிலே உழைத்து வாழ்வோர் அஞ்சாது கேட்கட்டும். கேட்பவரைப் பகைவரென ஒதுக்கும் அரசு, தன் அரணில் தானே துளையிடுகின்றது.